கடல் தாண்டிய தோஷம்

கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட பதினெட்டாம் நாள் மந்திரமூர்த்தி தூத்துக்குடிக் கரையில் வந்து இறங்கினார். கொழும்பின் கடைவீதியான புறக்கோட்டையில் ஒரு வெங்காயக் கடையில் பத்தொன்பது வருஷம் நின்றே வேலை பார்த்த மனிதர். குண்டு விழுந்த மறுநாள் முதலாளி கடையைப் பூட்டிக்கொண்டு மலைப்பக்கம் போய்விட்டார். மந்திரமூர்த்திக்குப் போக ஊர் இருந்தது. சிலுவைத் தண்டல் ஓட்டி வந்த தோணியில் வெங்காய மூட்டைகள் போகிற இடத்தில் வெறும் ஆளாக உட்கார்ந்து வந்தார். கையில் ஒரு தகரப்பெட்டி. அதற்குள் மனைவி சுடலைமாடத்திக்கு ஒரு சேலையும் மகன் வன்னியபெருமாளுக்கு ஒரு பேனாவும் இருந்தன.

கரையில் மகன் நின்றான். மூன்று வருஷத்துக்கு முன் பார்த்தபோது அரும்பு மீசை. இப்போது நெற்றி நிறையத் திருநீறு, காதோரம் மழித்த குடுமி, கையில் கனமான ஒரு நோட்டு. மந்திரமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்டியை மணலில் போட்டுவிட்டுக் கையை விரித்துக்கொண்டு போனார். மகன் இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"தொடாதீங்கப்பா. ஒங்களுக்குத் தோஷம் இருக்கு."

"எனக்கு அம்மை கிம்மை ஒண்ணும் போடலியே. நல்லாத்தான இருக்கேன்."

"நோய் இல்லப்பா. நீங்க சமுத்திரம் தாண்டியிருக்கீங்க."

மந்திரமூர்த்தி திரும்பிக் கடலைப் பார்த்தார். ஆமாம், தாண்டித்தான் வந்திருந்தார். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சிலுவைத் தண்டலும் தலையைத் திருப்பிப் பார்த்தார். அவர் மாதம் இரண்டு தடவை தாண்டுகிறவர்.

தூத்துக்குடி சனாதன தர்ம வாலிபர் பரிபாலன சபை தோன்றி அப்போது பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அங்கத்தினர் பதினொரு பேர். ஒருவருக்கும் இருபத்தைந்து வயது தாண்டவில்லை. அவர்களுடைய தாத்தாமார் பெரிய கோவில் கோபுரத்தைத் தெருமுனையில் நின்றுதான் கும்பிட்டார்கள். உள்ளே விடமாட்டார்கள். அப்பாமார் காலத்தில் கொழும்பு வியாபாரம் வந்தது, காரைவீடு வந்தது, பிள்ளைகளுக்குப் படிப்பு வந்தது. படித்து முடித்துவிட்டு மாடியில் காற்று வாங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளின் கண்ணில் தர்மம் அழிந்துகொண்டிருப்பது பட்டது.

சபைக்கு ஆதாரமாக ஒரு சாஸ்திரப் புத்தகம் இருந்தது. மூலம் சமஸ்கிருதம், படிக்க ஒருவருக்கும் தெரியாது. அடியில் ஒரு வெள்ளைக்காரர் செய்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு அச்சாகியிருந்தது. அந்நிய பாஷையால் நம் புத்தி கெட்டுப்போயிற்று என்ற தீர்மானத்தையும் அந்த அடிக்குறிப்பைப் பார்த்துத்தான் எழுதினார்கள்.

முதல் மாதம் அங்கத்தினர் வீட்டுப் பெயர்களைச் சீர்திருத்தினார்கள். சுடலைமாடத்தி என்ற பெயர் சாஸ்திரத்தில் எங்கும் காணப்படாததால், செயலாளரின் தாயார் சபைப் பதிவேட்டில் ருத்ராணி அம்மாள் ஆனார். அந்த அம்மாளுக்கு இது தெரிவிக்கப்படவில்லை. அடுத்து, சமுத்திரம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்தார்கள். கரையில் நின்றால் தோஷமில்லை, முழங்கால் நனைந்தால் குளியல், இடுப்பு நனைந்தால் உபவாசம், கப்பல் ஏறினால் பிராயச்சித்தம். முத்துக் குளிக்கிறவன் கடலைத் தாண்டுவதில்லை, கீழே போய் மேலே வருகிறான். அவன் விஷயம் ஒத்திவைக்கப்பட்டது.

சபைத் தலைவர் தளவாய். அவருடைய அப்பா கொழும்புக்குக் கருவாடும் வெங்காயமும் ஏற்றுமதி செய்கிறவர். அதைப்பற்றி ஒரு கூட்டத்தில் கேள்வி வந்தபோது தளவாய் எழுந்து நிதானமாகப் பதில் சொன்னார்: "சரக்கு தாண்டலாம். சரக்குக்கு ஜாதி கிடையாது, ஆகவே அது கெடாது. அனுப்புகிறவர் கரையில்தான் நிற்கிறார். அங்கே போய் எடுத்துக் கொடுக்கிறானே கூலிக்காரன், அவனைத்தான் சாஸ்திரம் கண்டிக்கிறது. எப்போதும் சாஸ்திரம் அப்படிப்பட்டவனைத்தான் கண்டிக்கும். அதுதான் அதன் பெருமை." பதினொரு பேரும் கை தட்டினார்கள். செயலாளர் வன்னியபெருமாளும் தட்டினான். கொழும்பிலிருந்து அப்பா அனுப்பியதில் இன்டர்மீடியட் வரை படித்தவன் அவன்.

சிவன் கோவில் பட்டரிடம் ஒரு தடவை பிராயச்சித்த முறை கேட்டார்கள். "கொழும்புக்குப் போய்ட்டு வந்தவனா? பசியோட வந்திருப்பான். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடச் சொல்லுங்கோ" என்றார் அவர். பட்டரின் ஆசாரக் குறைவைக் கண்டித்து அன்றே ஒரு தீர்மானம் நிறைவேறியது. முறையைச் சபையே வகுத்தது.

நாற்பத்தோரு நாள் வீட்டுக்கு வெளியே வாசம். வீட்டார் தொடக்கூடாது. அந்த நாற்பத்தோரு நாளும் கடலைப் பார்க்கக்கூடாது. பார்த்தால் முதல் நாளிலிருந்து மறுபடி எண்ண வேண்டும். கடலில் விளைந்த எதையும் உண்ணக்கூடாது. ஆகவே மீன் கிடையாது, உப்பும் கிடையாது. தூத்துக்குடியில் கடல் தெரியாத இடம் கிடைப்பது லேசில்லை. கடைசியில், தளவாய் வீட்டு உப்பளத்தின் மேற்குக் கோடியில் உப்பு வாருகிற வாருகோலும் தட்டுப்பலகையும் போட்டு வைக்கிற ஓலைக்கொட்டகையைக் கண்டுபிடித்தார்கள். அதன் கிழக்கு வாசலைப் பனையோலையால் அடைத்துவிட்டு மேற்கே ஒரு வாசல் திறந்தார்கள். நாலு பக்கமும் உப்பு மலைமலையாகக் குவிந்து கிடந்தது. நடுவே மந்திரமூர்த்தி உப்பில்லாக் கஞ்சி குடித்துக்கொண்டு மேற்கே பார்த்து உட்கார்ந்தார்.

அவர் ஏன் உட்கார்ந்தார் என்று பிற்பாடு பலரும் கேட்டார்கள். சபையிடம் போலீஸ் கிடையாது, பீரங்கி கிடையாது. ஆனால் உப்பளத்துக்குக் கொண்டுபோய் விட்ட அன்று சபையார் நடுவில் நின்று வன்னியபெருமாள் ஒரு முகவுரை படித்தான். அதில் பாதி அவருக்குப் புரியவில்லை. புரியாத வார்த்தைகளை இவ்வளவு தடங்கலில்லாமல் பேசுகிறவன் தன் பிள்ளை என்பது மட்டும் புரிந்தது. நான் மாட்டேன் என்று எழுந்து போனால் இத்தனை பேர் முன்னால் பயலுக்குத் தலைகுனிவு அல்லவா? நாற்பத்தோரு நாள்தானே. வீட்டை விட்டுப் பத்தொன்பது வருஷம் இருந்தாயிற்று.

பேனாவைப்பற்றித் தனியாக விவாதம் நடந்தது. அதுவும் கடல் தாண்டியிருந்தது. உலோகமாதலால் சாம்பல் போட்டுத் துலக்கினால் போதும் என்று முடிவாயிற்று. சேலை துணியாதலால் நாற்பத்தோரு நாளும் அவருடைய பெட்டியிலேயே கிடக்கவேண்டும் என்றார்கள். அப்பாவின் பிராயச்சித்தக் குறிப்புகளை மகன் அந்தப் பேனாவால்தான் எழுதினான். எழுத்து நன்றாக விழுந்தது.

எட்டாம் நாள் வெயில் ஏறுகிற நேரம், உப்புப் பாத்தி வரப்பில் யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. ஆளைப் பார்க்குமுன் இருமலை வைத்தே மந்திரமூர்த்திக்குத் தெரிந்துவிட்டது. போன தடவை வந்தபோது இவ்வளவு ஆழம் இல்லை அந்த இருமலுக்கு. சுடலைமாடத்தி தூக்குச்சட்டியோடு வந்துகொண்டிருந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள்.

"ஏளா, கிட்ட வராத. தோஷம் ஒட்டிக்கிடும்னு பய சொல்லுதான்."

"அவன் சொல்லுவான். பத்தொம்பது வருசத்துல நீங்க வீட்ல இருந்த நாளைச் சேத்துப் பாத்தா இருநூறு தேறாது. அதுல நாப்பத்தொண்ணை இந்தப் பயலுவளுக்குத் தூக்கிக் குடுக்கணுமாக்கும்?"

சொல்லிக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. பிறகு அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவரும் எடுக்கவில்லை.

உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்தது சபைக்கு எட்டியது. அன்று மாலையே கொட்டகைக்கு முன்னால் அவசரக் கூட்டம். நாற்காலிகள் வண்டியில் வந்தன. வரப்பில் நாற்காலி நிற்காமல் இரண்டு பேர் பாத்திக்குள் சாய்ந்தார்கள். பாத்தித் தண்ணீர் கடலா இல்லையா என்ற பிரச்சினை எழுந்து, நனைந்தது கணுக்கால் வரைதான் என்பதால் அவர்கள் மன்னிக்கப்பட்டார்கள்.

தளவாய் பேசினார்: "செயலாளரின் தாயார் என்பதற்காக நாம் சலுகை காட்ட முடியாது. காட்டினால் நாளைக்கு என் தாயாருக்கும் காட்டச் சொல்வார்கள். என் தாயார் இப்படிச் செய்யமாட்டார். அவரை வெளியே விடுவதே இல்லை. கடல் தாண்டியவரைத் தொட்டவர் கடல் தாண்டியவரே. இந்த அம்மாள் கப்பல் ஏறாமல், டிக்கெட் இல்லாமல், உட்கார்ந்த இடத்திலேயே கொழும்பு போய்விட்டார். இனி இவரும் நாற்பத்தோரு நாள் இங்கேயே இருக்கவேண்டும், அல்லது இப்போதே விலகித் தலைமுழுகிவிட்டு வீட்டுக்குப் போய், இந்தப் பக்கம் வராமல் இருக்கவேண்டும்."

தீர்மானத்தை வன்னியபெருமாள் எழுதி வாசித்தான். 'மேற்படி ருத்ராணி அம்மாள்' என்ற இடத்தில் குரல் கொஞ்சம் தடுமாறியது.

சுடலைமாடத்தி தளவாயை மேலும் கீழும் பார்த்தாள். "தம்பி, இப்படி வெயில்ல அலையுதியே, ஒங்க அம்மைக்குத் தெரியுமா? மூஞ்சி கறுத்துப்போச்சே" என்றாள். தளவாய், "தெரியாதுக்கா" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். இது நடவடிக்கைக் குறிப்பில் ஏறவில்லை.

"நான் இங்கனயே இருந்துக்கிடுதேன். ஏலே வன்னி, ஒரு பாயும் என் தலையணையும் குடுத்து விடு" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு வந்த பதின்மூன்று நாளை மந்திரமூர்த்தி கடைசிவரை மறக்கவில்லை. கொழும்பில் அவர் தானே பொங்கித் தின்றவர். மூன்று கல்லைக் கூட்டி அவர் சமைத்தார். அவள் சுவரில் சாய்ந்துகொண்டு குற்றம் சொன்னாள். உப்பில்லாத ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதைக் குடிக்கதுக்கு அந்தக் குண்டுலேயே போயிருக்கலாம்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்தால் அவளுக்கு இருமல் வந்தது. நெஞ்சைத் தடவிக் கொடுத்தார். கொழும்பு எப்படி இருக்கும் என்று அவள் கேட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுவரை கேட்டதில்லை. கேட்க நேரம் இருந்ததில்லை. டிராம் வண்டியை அவர் கையால் காட்டிச் சொன்னார். அவள் நம்பவில்லை.

தினம் சாயங்காலம் மகன் வருவான். இருபதடி தள்ளி நிற்பான். "கடலைப் பாத்தீங்களாப்பா?" என்று கேட்பான். "இல்லப்பா." "உப்பு?" "தொடல." நோட்டில் குறித்துக்கொள்வான். பிறகு நோட்டைப் பார்த்தபடியே, "அம்மாவுக்கு இருமல் எப்படி இருக்கு?" என்பான். "எனக்கு என்ன, நல்லா இருக்கேன். நீ ஏன்லே இளைச்சிட்ட? என்னத்தைச் சாப்பிடுத?" என்பாள் அவள். அதைக் குறிக்க நோட்டில் பத்தி இல்லை. சற்று நின்றுவிட்டுப் போவான்.

கடற்காற்று எழும்புகிற பிற்பகலில் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும் என்று பதினெட்டாம் நாள் ஒரு திருத்தம் வந்தது. காற்றும் கடல் தாண்டித்தான் வருகிறதாம். மூடிக்கொண்டார்கள். மூடிய சேலைத் தலைப்பை அவள் எடுத்தபோது அதில் ரத்தம் இருந்தது.

இருபத்தோராம் நாள் காலை சிலுவைத் தண்டல் இவர்களைப் பார்க்க வந்தார். வாசலில் கால் வைத்ததும் முகம் மாறிவிட்டது. பாயில் கிடந்தவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணாச்சி இது? என்னைக்குலேருந்து இப்படி இருக்கு? நான் வண்டி கொண்டாரேன், ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருவோம்."

"போற வழி கடற்கரை ரோடுலா தண்டலு?"

"வேற எந்த ரோடு இருக்கு?"

"கடலைப் பாத்துட்டா மறுபடியும் ஒண்ணுலேருந்து எண்ணணும். பய நேத்து வரைக்கும் எழுதி வச்சதெல்லாம் வீணாப் போயிரும். சபையில ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்திருதேன். நாலு பேரு முன்னால அவன் தலை குனியக் கூடாதுய்யா."

"அண்ணாச்சி, சபையில என்னத்தைக் கேக்கப் போறீரு! மூச்சு இழுக்குது!"

"ஓடிப் போய் ஓடி வந்திருவேன். நீரு வண்டியைப் பூட்டிவையும், கொஞ்சம் பக்கத்துல இரும்" என்று சொல்லிவிட்டு மந்திரமூர்த்தி ஓடினார். ஐம்பத்திரண்டு வயசு. இருபது நாள் உப்பில்லாத உடம்பு. கிழக்கே போகிற இடத்திலெல்லாம் துண்டால் கண்ணை மறைத்துக்கொண்டு, தட்டித் தடவி ஓடினார்.

சபை மாடியில் அன்று 'மாதாவே தெய்வம்' என்ற பொருளில் விசேஷக் கூட்டம். தோஷமுள்ளவர் சபைப்படி ஏறக்கூடாதாகையால் அவர் தெருவில் நின்று கூப்பிட்டார். மாடியில் தளவாயின் குரல் ஓங்கி ஒலித்துக்கொண்டிருந்தது: "தாயைக் காப்பாற்றாதவன் மனிதனா? வெள்ளைக்காரன் தாயைக் கிழவி விடுதியில் விடுகிறான். நாமோ, தாயை இருக்கவேண்டிய இடத்தில் வைத்திருக்கிறோம்!" கை தட்டல் அடங்கியபிறகுதான் இவர் கூப்பிட்டது காதில் விழுந்தது.

வன்னியபெருமாள் ஜன்னலுக்கு வந்தான். அப்பா கீழேயிருந்து சொன்னதைக் கேட்டதும் அவன் முகம் வெளிறிவிட்டது. உள்ளே ஓடினான். அவன் இறங்கி வந்திருக்கலாம், படி பன்னிரண்டுதான். ஆனால் அவன் செயலாளர். அவசரத் தீர்மானம் கொண்டுவந்தான். வண்டிக்கு நாலு பக்கமும் பாய் கட்டினால் கடல் தெரியாது என்று வாதாடினான். அவ்வளவு உருக்கமாக அவன் அதுவரை பேசியதில்லை என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். பாய் வழியாக அலைச்சத்தம் கேட்குமே என்று ஒருவர் ஆட்சேபித்தார். காதில் பஞ்சு என்று திருத்தம் வந்தது. பஞ்சு உள்நாட்டுப் பஞ்சா என்று விசாரிக்கப்பட்டது. கடைசியில் வாக்கெடுப்பு. ஆறுக்கு நாலு. தலைவர் வாக்களிக்கவில்லை. தீர்மானம் வென்றது.

மகன் அதை எழுதி முத்திரை குத்தி ஜன்னல் வழியாகப் போட்டான். மந்திரமூர்த்தி காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்ப ஓடினார். அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பயல் பேசி வாங்கிவிட்டான் பார் என்று அவளிடம் சொல்லவேண்டும்.

கொட்டகைக்கு வெளியே வண்டி பூட்டி நின்றது. சிலுவைத் தண்டல் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார். மந்திரமூர்த்தியைக் கண்டதும் எழுந்தார். வாசலுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார்.

மந்திரமூர்த்தி உள்ளே போய்ப் பாயருகில் உட்கார்ந்தார். கொழும்பிலிருந்து கொண்டுவந்த சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து, மடிப்புக் கலைத்து, அவளுக்குப் போர்த்தினார். முத்திரைக் காகிதம் கையிலேயே இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

சபை அன்று மாலையே அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றி நகல் அனுப்பியது. "ருத்ராணி அம்மாளின் மறைவுக்கு" என்று தொடங்கியது அது. கொண்டுவந்தவன் வாசித்ததும், "பாவம், யாரு அந்த அம்மா? எந்தத் தெரு?" என்று கேட்டார் மந்திரமூர்த்தி.

மறுநாள் காலை சுடுகாடு. கொள்ளி வைக்கவேண்டியவன் மகன். பிராயச்சித்தம் முடியாமல் இறந்தவளைச் செயலாளர் அணுகலாமா என்று சபை ஆராய்ந்து, ஒரு வழி கண்டிருந்தது. ஏழு முழ மூங்கில், நுனியில் எண்ணெய்த் துணி. ஏழு முழத்துக்கு அப்பால் தோஷம் தாண்டாது. மொட்டையடித்த தலையோடு வன்னியபெருமாள் அந்தக் கம்பைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்றான். சபையார் அவனுக்குப் பின்னால் நின்றார்கள். சிதைக்குப் பக்கத்தில் மந்திரமூர்த்தியும் வெட்டியானும் சிலுவைத் தண்டலும் மட்டும்.

கம்பை நீட்டினான். காற்று வந்து அணைத்துவிட்டது. மறுபடி பற்றவைத்து நீட்டினான். நீண்ட கம்பின் நுனி ஆடி ஆடி, சிதையைத் தொடாமல் அணைந்தது. மூன்றாவது தடவை எரிகிற துணி கழன்று மணலில் விழுந்து புகைந்தது.

"காற்று எந்தத் திசை என்று பார்க்கவேண்டும்" என்று சொல்லித் தளவாய் புத்தகத்தைப் புரட்டினார்.

மந்திரமூர்த்தி மகனைப் பார்த்தார். கோபமாக ஒரு பார்வை பார்க்கத்தான் நினைத்தார். நோட்டோடு வந்து நிற்கிற செயலாளர் முகமாக இல்லை அது. ஐந்து வயதில் கப்பல்மேடையில் அவரை அனுப்ப வந்து நின்றபோது இருந்த முகம். "கொஞ்சம் கிட்ட வாயேம்ப்பா. அவளுக்கு உன்னைப் பாக்கணும்னுதான் இருந்துச்சு" என்றார்.

வன்னியபெருமாள் கம்பைக் கீழே போட்டான். ஏழு முழத்தையும் நடந்து வந்தான். வெட்டியான் கையிலிருந்த கொள்ளியை வாங்கினான். வைப்பதற்குமுன் குனிந்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "எம்மா, எம்மா" என்று கத்தினான். இன்டர்மீடியட் படித்தவன் குரல் மாதிரியே இல்லை. பிடித்த கையை விடுவிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

தீ பிடித்துக்கொண்டது. சுடுகாட்டு மண்டபத்தில் சபை அவசரமாகக் கூடியது. செயலாளர் பதவி நீக்கப்பட்டார். அவருடைய சேவையைப் பாராட்டியும் அவரை நாற்பத்தோரு நாள் விலக்கியும் ஒரே தீர்மானமாக நிறைவேற்றினார்கள், தனித்தனியாக எழுத ஆள் இல்லாததால். எழுதுகிறவன் அங்கே மணலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

மறுநாள் விடியலில் அப்பாவும் மகனுமாகச் சாம்பலில் பால் தெளித்து, எலும்பு பொறுக்கி, கலயத்தில் எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு வந்தார்கள். கடல் அமைதியாக இருந்தது. சிலுவையின் தோணி சற்றுத் தள்ளிச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தது.

வன்னியபெருமாள் கலயத்தை மார்போடு அணைத்தபடி நின்றுவிட்டான். தண்ணீரில் கால் வைக்கவில்லை. "அப்பா" என்றான். "அன்னைக்கு நீங்க கரையில எறங்கினப்போ, தொடாதீங்கன்னு சொன்னேன்ல. அப்பமே என்னை ஓங்கி ஒரு அறை அறைஞ்சிருக்கலாம்லா? ஏன்ப்பா அறையல?"

மந்திரமூர்த்தி உண்மையான பதிலைத்தான் சொல்லவேண்டும் என்று நினைத்தார்.

"அடிக்கதுக்குப் பழக்கம் இல்லியேப்பா" என்றார். "ஒன்னை அடிச்சு வளக்க நான் என்னைக்கு இங்கன இருந்தேன்?"

பிறகு மகனுடைய தோளைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் கலயத்தோடு தண்ணீருக்குள் இறங்கினார்கள்.